அன்று அங்கே இருந்தவர்கள்

அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு ‘அன்று அங்கே இருந்தவர்கள்’ என்று பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்வோம். அந்தக் கோவில் வளாகத்தின் அளவு எனக்குத் தெரியும், கேட்டுக்கு இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தவனே நான்தான். வேப்பமரத்தையும் சமையல் அடுப்புகளையும் கழித்துவிட்டால் அங்கே நூற்றைம்பது பேர் நிற்பதற்குள் மூச்சு முட்டிவிடும். மிச்சம் நூற்று அறுபத்திரண்டு பேரும் மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது.

சுபினைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மடியில் ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவன். கூட ஆள் கிடையாது, தபேலா கிடையாது, ஆட்டம் கிடையாது. இன்றைக்கு அவன் சென்னையில் பாடினால் டிக்கெட் கிடைப்பதில்லை. அவன் தன் சொந்தப் பாட்டை ஜனங்கள் முன்னால் முதன்முதலாகப் பாடியது பாளையங்கோட்டையில், எங்கள் கோவிலில், 2008-ஆம் வருஷத்து அறுப்பின் பண்டிகையன்று. அதை நேரில் கேட்ட பாக்கியவான்கள்தான் மேற்படி முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

உண்மையில் முழுதாகக் கேட்டது எத்தனை பேர் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். நாலு பேரும் ஒரு சேவலும். நாலு பேரில் மணியடிக்கிற கோயில்குட்டியாருக்குக் காது கேட்காது.

குழுவில் தினமும் காலையில் நினைவலைகள் அடிக்கும். குழுவின் தலைவர் சுந்தர்ராமன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் என் மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது’ என்று எழுதினார். அன்றைக்கு அங்கே வரிசையே கிடையாது, ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அதுவும் போக, அந்த வருஷம் முழுக்க மனிதர் போபாலில் இருந்தார். அவர் வீட்டுக் கேட்டுக்குப் புதுப் பூட்டு வைத்து, சாவியை நான்தான் போபாலுக்குத் தபாலில் அனுப்பினேன். கண்ணாடி நனைந்திருந்தால் போபாலில் ஏதோ குழாய் உடைந்திருக்க வேண்டும்.

கல்லூரியில் பாடம் நடத்துகிற டார்லின், ‘என் இளமையின் முதல் வலியை அந்தக் குரலில்தான் கண்டுகொண்டேன்’ என்று எழுதினாள். அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. காலையிலிருந்து ஜவ்வுமிட்டாய்க்காரர் பின்னாலேயே சுற்றி, கன்னமெல்லாம் ரோஸ் கலரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அமெரிக்காவிலிருந்து ஸ்ரீசரண் என்பவர், ‘கொட்டுகிற மழையில் குடைகூடப் பிடிக்காமல் நின்று கேட்டோமே, அந்த நாள் வருமா?’ என்று கேட்டிருந்தார். வராது. ஏனென்றால் அன்றைக்கு அடித்த வெயிலில் பந்தக்காலில் கட்டியிருந்த மாவிலை பொரிந்து உதிர்ந்தது.

பொய் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் சுபாவம் அப்படி. பேட்டையில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மெஷின் இரைச்சலில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை அகலமாகிவிட்டது. நான் மெதுவாகப் பேசினாலே சண்டை போடுவதாக நினைத்து எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். இந்தத் தொண்டையை நம்பித்தான் எங்கள் சபையார் வருஷாவருஷம் பண்டிகை ஏலத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில், தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், பூசணி, முருங்கைக் கட்டு, தென்னங்கன்று, காலைக் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் அத்தனையையும் வெளியே தூக்கிவந்து ஏலம் போடுவோம். அதற்குப் பிறகு அசனம், அதாவது ஊருக்கே சாப்பாடு. இதில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பீடத்துக்கு முன்னால் வைத்தது ஆண்டவருக்குச் சொந்தம். வைத்தவனே ஆனாலும் ஏலம் கேட்டுத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

அந்த வருஷம் திசையன்விளைப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து ஒரு பாடகர் குழு வந்திருந்தது. அதில் எலும்பும் தோலுமாக ஒரு பையன், பதினேழு வயதிருக்கும், கிட்டார் வாசித்தான். ஆராதனை முடிந்து, குழுவாகப் படம் எடுக்க வெளியே கூப்பிட்டிருக்கிறார்கள். பெஞ்செல்லாம் ஆட்கள். கோவிலிலேயே பத்திரமான இடம் பீடத்துப் பக்கம்தானே என்று நம்பி, கிட்டாரை ஒரு வாழைத்தார்மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். காணிக்கைகளை வாரிக்கொண்டு வந்த ஆட்கள் வாழைத்தாரோடு அதையும் தூக்கிவந்து என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

இத்தனை நாளும் இதைப் ‘பிழை’ என்றுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பிழை அவர்கள் செய்தது. நான் செய்தது வேறு. காலை ஆராதனையில் அந்தப் பையன் அதே கிட்டாரை வாசித்ததை நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன். யாருடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் பூசணிக்காயும் முருங்கையுமாகப் போட்டுக் கூட்டம் அலுத்துப்போயிருந்தது. இதை உறையிலிருந்து உருவிக் காட்டியதும் எல்லோரும் குபீரென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“ஆறு கம்பி, ஒரு ஓட்ட! வீட்டுல பொண்டாட்டி சத்தம் தாங்காதவங்க கேக்கலாம்! ஒரு தரம்!” என்றேன்.

பையன் ஓடிவந்தான். “அண்ணாச்சி, அது காணிக்கை இல்ல. என் கிட்டாரு. சும்மா சாத்தி வச்சிருந்தேன்.”

அப்போதைய சபைச் செயலர் ஒருவர் இருந்தார், இப்போது உயிரோடு இல்லை. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவர். “ஆண்டவர் சமூகத்துல வச்சாச்சுல்லா? வச்சத எடுக்கப்படாது. வேணும்னா நீயும் ஏலம் கேளு, தம்பி” என்றார். பையன் கையில் பஸ்ஸுக்குத்தான் காசிருந்தது.

வருஷாவருஷம் ஏலத்தில் வாழைத்தார் எடுக்க ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிற சொரிமுத்து முன்னால் வந்து, “அண்ணாச்சி, இதுல சத்தம் வருமா?” என்று கேட்டான். மறுபடியும் சிரிப்பு. நான் பையனைப் பார்த்து, “ஏலே, பாடிக் காட்டுலே. நல்லாப் பாடினா நாலு பேரு எரங்குவாங்க” என்றேன்.

அவன் அதை நம்பினான். நன்றாகப் பாடினால் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினான். வேப்பமரத்தடியில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தான் எழுதிய பாட்டைப் பாடினான்.

*தேரி மணலு சுடுது, செருப்பில்லாத காலு,*
*ஓடி வாரேன், ஓடி வாரேன், நில்லு பஸ்சே நில்லு.*

மைக்கெல்லாம் கிடையாது. முதல் சரணம் முடியும்போது அசன மணி அடித்தது. கறிக்குழம்பு வாசனைக்கு முன்னால் யாருடைய கிட்டார் நிற்கும்? ஒரே நிமிஷத்தில் கூட்டம் மொத்தமும் பந்திக்கு ஓடிவிட்டது, என் மனைவி சாரம்மாள் உட்பட. மிச்சம் நின்றது நான், சொரிமுத்து, பேரனுக்காக ஏலம் கேட்டுக்கொண்டிருந்த செயலர், காது கேளாத கோயில்குட்டியார், அடுத்து ஏலம் போக வேண்டிய சேவல்.

பையன் நன்றாகத்தான் பாடினான். அதுதான் வினையாகப் போயிற்று. அவன் பாடப் பாட, சாமான் தரமானது என்று இவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சொரிமுத்து ஒன்று சொல்ல, செயலர் அதற்கு மேலே ஒன்று சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் விலை ஏறியது. அவன் பாட்டே அவன் கிட்டாரை அவனுக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. பாட்டு முடிந்த இடத்தில் நான் “மூணு தரம்!” என்று கத்திச் சொரிமுத்துவுக்கு முடித்துவிட்டேன். அந்த வருஷத்திலேயே அதிக விலைக்குப் போன சாமான் அதுதான். எனக்கு அவ்வளவு பெருமை.

பையன் அழவில்லை. “அண்ணாச்சி, உறைய மட்டும் எடுத்துக்கிடட்டா? எங்கம்மா தச்சது” என்றான். பச்சைப் பூப்போட்ட பழைய சேலைத் துணியில் தைத்த உறை. உறை காணிக்கையில் சேராது என்று செயலர் பெரிய மனது பண்ணி உத்தரவு கொடுத்தார். பையன் வெறும் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாப்பிடாமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். நான் சேவலைத் தூக்கினேன்.

பிறகு நான் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். அந்தப் பாட்டு மட்டும் என்னை விடவில்லை. பட்டறையில் லேத் சுற்றுகிற சத்தத்தில் என்னையறியாமல் அதை முனகுவேன். “என்ன பாட்டு அது? எந்தப் படம்?” என்று சாரம்மாள் பல தடவை கேட்டிருக்கிறாள். தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுபின் பெரிய ஆளாகிவிட்டான். யூடியூபில் ஒரு பேட்டியில் முதல் மேடை எது என்று கேட்டார்கள். “பாளையங்கோட்டையில் ஒரு கோவில். மைக் இல்லை. ஒரே ஒரு பாட்டு. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் கிட்டாரைத் தொடவில்லை” என்று சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் ஏன் தொடவில்லை? சுந்தர்ராமன் அதை மௌன விரதம் என்றார். அந்தப் பாட்டில் தன்னையே கரைத்துவிட்டதால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது என்று டார்லின் ஒரு கட்டுரையே எழுதி, அது ஒரு பத்திரிகையிலும் வந்துவிட்டது. மைக்கை வேண்டாம் என்று ஒதுக்கிய கலைஞனின் துணிச்சல் பற்றி ஸ்ரீசரண் எழுதினார். கையில் கிட்டார் இல்லாதவன் எதைத் தொடுவான் என்று ஒரு மனிதனுக்கும் தோன்றவில்லை.

அந்தப் பேட்டியைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். செத்துப்போவதற்குள் அந்தப் பையன் முகத்தைப் பார்த்து, ‘தம்பி, தெரிஞ்சேதான் செஞ்சேன், மன்னிச்சிரு’ என்று சொல்லிவிட வேண்டும். போன மாதம் குழுவில் அறிவிப்பு வந்தது. சுபின் பாளையங்கோட்டைக்கு வருகிறான், பாராட்டு விழா, அன்று அங்கே இருந்தவர்கள் தலைக்கு இரண்டு நிமிஷம் மேடையில் நினைவைப் பகிரலாம். அன்றைக்குத்தான் சாரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வெறுங்கையோடவா போயி மன்னிப்புக் கேப்பிய? மொதல்ல அந்தக் கிட்டாரத் தேடுங்க” என்றாள்.

ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனேன். சொரிமுத்து என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணாச்சி, அந்தப் பய இவ்வளவு பெரிய ஆளா வருவாம்னு அன்னைக்கே நான் கண்டுக்கிட்டேம்லா! மெய்மறந்து போயித்தான் ஏலத்துல அப்படி ஏத்துனேன்.” அவனும் குழுவில் இருக்கிறானாம். கிட்டார் எங்கே என்றேன். கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனான். முதலில் பிள்ளைகள் அதைக் கிரிக்கெட் மட்டையாக்கியிருக்கிறார்கள். பிறகு கம்பிகளை உருவிப் பூக்கொடிக்குக் கட்டியிருக்கிறார்கள். வயிற்றுப் பலகை உடைந்ததும் உள்ளே வைக்கோல் போட்டுக் கோழியை அடைக்கு வைத்துவிட்டார்கள்.

“பத்துக் குஞ்சு பொரிச்சிருக்கு அண்ணாச்சி, ஒரு முட்டகூடக் கூழையாகல. ராசியான சாமான்” என்றான் மெய்மறந்த ரசிகன்.

கோழி என்னை முறைத்தது. அதுதான் அந்த வீட்டில் உண்மையாகக் கிட்டாரை மதித்த ஜீவன். வயிற்றைக் கோழிக்கே விட்டுவிட்டு, தனியே கழன்று கிடந்த கழுத்துக் கட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்பக்கத்தில் காம்பஸ் முனையால் ‘சுபின்’ என்று கீறியிருந்தது. வீட்டுக்கு வந்து துடைத்து, எண்ணெய் போட்டு, துருப்பிடித்த திருகுகளைப் பட்டறையில் ராவி, ஒரு மஞ்சள் பையில் வைத்தேன்.

அடுத்து சுந்தர்ராமனிடம் போய் எனக்கும் இரண்டு நிமிஷம் வேண்டும் என்று கேட்டேன்.

“ஓய், நீர் அன்னிக்கு அங்க இருந்தீரா?” என்றார். “எல்லாரும் வந்து நானும் இருந்தேன், நானும் இருந்தேன்னு நிக்கறா. என்ன ஆதாரம் இருக்கு உம்மகிட்ட?”

போபாலில் இருந்தவர் என்னிடம் ஆதாரம் கேட்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, “அந்தக் கிட்டார ஏலம் போட்டதே நாந்தான், சார்” என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, தணிந்த குரலில் சொன்னார். “நடந்திருக்கலாம், இல்லைங்கல. ஆனா இதைப் போய் மேடைல சொன்னா எல்லார் மனசும் கஷ்டப்படும். எத்தனை பேர் அந்த நாளைப் பொக்கிஷமா வச்சிண்டிருக்கா! உம்ம ஒருத்தர் ஞாபகத்துக்காக முந்நூறு பேர் ஞாபகத்தைக் கெடுக்கலாமா? நீர் வாரும், முன் வரிசைல உக்காரும், சாப்ட்டுட்டுப் போம்.”

விழா ஒரு கல்யாண மண்டபத்தில், சாயங்காலம் நாலு மணிக்கு. சுபினுக்கு இப்போது முப்பத்து மூன்று வயது, தாடி வைத்திருந்தான். மேடையில் ஒரு ராஜா நாற்காலியில் உட்கார்த்தி, கிட்டாரை அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தார்கள். பிறகு அவன் பாட்டை நேரில் கேட்ட மகிழ்ச்சியைப் பற்றி, அவனைப் பாடவிடாமல், இரண்டேகால் மணி நேரம் பேசினார்கள். வரிசையாக வந்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். ஒருவர் தனக்கு அன்றைக்குத் தீராத தலைவலி தீர்ந்தது என்றார். ஒருவர், பாட்டு முடிந்ததும் சுபின் தன் தோளில் கை வைத்து ‘அண்ணே, எப்படி இருந்திச்சு?’ என்று கேட்டதாகச் சொன்னார். சுபின் எல்லாவற்றையும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் முன் வரிசையில், மடியில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சாரம்மாள். மேடைக்கும் எனக்கும் எட்டடி தூரம்.

கடைசியாக டார்லின் மைக்கைப் பிடித்து, “அந்த எட்டு மாத மௌனத்தைப் பற்றி, அன்று அங்கே இருந்த எங்களுக்கு மட்டுமாவது சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். மண்டபம் கை தட்டியது.

சுபின் எழுந்துபோய் தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தான். “மௌனமெல்லாம் ஒண்ணுமில்லங்க. கிட்டாரு இல்ல. அன்னைக்கு நான் பாடினது கச்சேரி இல்ல. என் கிட்டார காணிக்கையோட சேத்து ஏலத்துல விட்டுட்டாங்க. சத்தம் வருமான்னு ஒருத்தர் கேட்டாரு, அதுக்குத்தான் பாடிக் காட்டுனேன். நல்லாப் பாடினா திருப்பித் தந்திருவாங்கன்னு நெனச்சேன். எட்டு மாசம் செங்கச் சூளையில வேல பாத்து அடுத்தது வாங்கினேன்.”

சுந்தர்ராமன் துள்ளி எழுந்தார். “யாரு அந்தப் படுபாவி? ஒரு சின்னப் பையனோட கிட்டாரை ஏலம் போட்டவன் மனுஷனா?” எல்லாம் தெரிந்தவர், என்னைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்த்துக் கேட்டார். மண்டபமே கொந்தளித்தது. ‘வெட்கக்கேடு!’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அசனப் பந்தியில் அன்றைக்கு மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கிய குரல்.

சுபின் கையமர்த்தினான். “கோவமெல்லாம் இல்ல. நீங்க எல்லாரும் அங்கனதான நின்னிய? அதான் ஒண்ணு கேக்கேன். அந்தப் பாட்ட அதுக்கப்புறம் நான் எங்கயும் பாடல, பதிவு பண்ணல. ரெண்டு வரி பாடுதேன். மூணாவது வரிய நீங்க சொல்லுங்க.”

பாடினான். *தேரி மணலு சுடுது, செருப்பில்லாத காலு. ஓடி வாரேன், ஓடி வாரேன், நில்லு பஸ்சே நில்லு.* பாடி நிறுத்திவிட்டு, கிட்டாரை மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

முந்நூறு பேரும் இப்போது வசமாக மாட்டிக்கொண்டார்கள். தெரியும் என்றால், ஏலம் நடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் ஆவார்கள். தெரியாது என்றால் அங்கே இல்லாதவர்கள் ஆவார்கள். சுந்தர்ராமனுக்குத் திடீரென்று, தான் அன்றைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது ஞாபகம் வந்தது. டார்லினுக்குத் தான் அப்போது குழந்தை என்பது ஞாபகம் வந்தது. தலைவலி தீர்ந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பல பேர் குனிந்து செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். சாரம்மாள் தன் போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். குழுவின் பெயரே மாறிவிட்டது. ‘சுபின் ரசிகர் வட்டம், நெல்லை’ என்று மாற்றியிருந்தார் தலைவர். அன்று அங்கே யாரும் இருக்கவில்லை, ஆயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அப்போது சாரம்மாள் என் விலாவில் இடித்தாள். “ஒங்களுக்குத் தெரியும்லா? எந்திரிச்சுச் சொல்லுங்க.”

எனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக லேத் மெஷினுக்குப் பக்கத்தில் பாடிவந்த வரி. *எம் பாட்ட ஏத்திக்கிட்டாப் போதும், என்னைய விட்டுட்டுச் செல்லு.* நாக்கு நுனியில் நின்றது. எழுந்து சொன்னால் போதும், மீதியெல்லாம் தானாக நடந்துவிடும். நான் கேட்ட இரண்டு நிமிஷம் இதோ கிடைத்திருக்கிறது.

“ஒரு தரம்” என்றான் சுபின், சிரித்துக்கொண்டே. சிலர் சிரித்தார்கள்.

எழுந்திருக்க முழங்காலில் கையை ஊன்றினேன். பின்னாலிருந்து அத்தனை கண்களும் என் முதுகில் விழுவது போலிருந்தது. படுபாவி. மனுஷனா. வெட்கக்கேடு. நாளைக்குப் பட்டறைக்கு வருகிறவன் எல்லாம் முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் போல்ட்டைக் கையில் எடுப்பான்.

“ரெண்டு தரம்.”

சாரம்மாள் மறுபடியும் இடித்தாள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடையில் கட்டியிருந்த பலூன்களை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு பலூன்.

“மூணு தரம்” என்று சொல்லிவிட்டு அவன் வேறு பாட்டுக்குப் போய்விட்டான். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. மண்டபம் உயிர் பிழைத்ததுபோல் எழுந்து நின்று கூடவே பாடியது. சாரம்மாள் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

விழா முடிந்ததும், கடைசி ஆளாக, மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன். நாலு பேருக்கு முன்னால்தானே முடியவில்லை, தனியாகச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். அவன் கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். விலை உயர்ந்த, பூட்டுப் போட்ட பெட்டி. உள்ளே கிட்டாருக்கு அடியில் மெத்தைபோல மடித்துப் போட்டிருந்தது, நிறம் போன, பச்சைப் பூப்போட்ட அந்தத் துணி உறை.

அழுதிருக்கலாம். அழவும் இல்லை.

அவன் என்னைப் பார்த்தான். அன்றைக்கு எனக்குக் கறுத்த மீசையும் தொந்தியும் இருந்தன. இப்போது சர்க்கரை நோயில் பாதி ஆளாகி, வழுக்கைத் தலையோடு நிற்கிறேன். “வாங்க அண்ணாச்சி” என்று ஒரு நாற்காலியைத் தள்ளினான். “நீங்களும் அன்னைக்கு அங்கன இருந்தியளா?”

வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டான். குரலில் குத்தல் இல்லை.

“இல்ல தம்பி. நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல. கோவில்பட்டியில ஒரு கல்யாணம்.”

சரளமாக வந்தது. கல்யாணத்துக்கு ஒரு ஊரைக்கூடச் சேர்த்துக்கொண்டது என் வாய். போபால்காரரே தோற்றுப்போவார்.

அவன் தலையாட்டினான். “பையில என்னது?”

“வாழைப்பழம்.”

“செரி அண்ணாச்சி.”

கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். கதவுப் பிடியில் கை வைத்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டான்.

“அண்ணாச்சி.”

நின்றேன்.

“ஆளுதான் மெலிஞ்சு போயிட்டிய. சத்தம் அப்படியே இருக்கு.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பையை வாசல் ஓரத்தில் இருந்த மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்தேன். சாரம்மாள் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லிட்டியளா?” என்றாள்.

மெதுவாகப் பேசினாலே எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற இந்தத் தொண்டையிலிருந்து, அவளுக்குப் பதில் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை.